எண்ணெய் தொடாத கொழுப்பு

"உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா" என்று மதுரையில் அந்த டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பல வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள் நான். என் விடையையே யாரோ சிவப்பு மையால் சுழித்துவிட்ட மாதிரி இருந்தது. நான் அப்படி ஒன்றும் குண்டானவள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். தொப்பை அவருக்குத்தான் இருந்தது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு நோய் என்று நாங்கள் போகவில்லை. என் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து அண்ணனுக்கு வைக்க வேண்டும். அதற்கு என் ஈரல் லாயக்குத்தானா என்று பார்க்கத்தான் போயிருந்தோம். அண்ணனுடைய ஈரல் சுருங்கி இறுகிப் போயிருந்தது. வேறு ஈரல் வைத்தால் பிழைப்பான், வைக்காவிட்டால் சில மாதங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் மனைவிக்கு, அதாவது மதினிக்கு, ரத்தம் சேரவில்லை. அவர்கள் மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்த வயதில் எடுக்க மாட்டார்கள். கூடப் பிறந்தது நான் ஒருத்திதான், என் ரத்தம் சேர்ந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாரையும் யோசனை கேட்கவில்லை. வீட்டுக்காரருக்குத் தகவல் மட்டும் சொன்னேன்.

"கொழுப்பு படிஞ்ச ஈரலை வெட்டி வெச்சா அவருக்கும் அது சரியா வேலை செய்யாது, மிச்சத்தை வெச்சுக்கிட்டு நீங்களும் கஷ்டப்படுவீங்க" என்றார் டாக்டர். "குறைச்சிட்டு வாங்க. குறையக்கூடியதுதான். போறப்போ டயட்டீஷியனைப் பாத்துட்டுப் போங்க."

டயட்டீஷியன் அறை வாசலில் பெரிய கூட்டம். எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கொழுப்பைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே, இதற்கு ஒருத்தர் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டுமா என்று கிளம்பி வந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் ஊர் சொல்லும் காரணம் ஒன்றுதான். என் அண்ணன் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. உப்பூரிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே அவனுக்குக் கொஞ்சம் நெல்வயலும் ஒரு மிளகாய்க் கொல்லையும் உண்டு. கல்யாண வீடுகளில் கொட்டகைக்குப் பின்னால் ஆண்கள் ஒதுங்குகிற நேரத்தில் இவன் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பான். அப்படிப்பட்டவன் என்பதாலேயே பேச்சு கூடுதலாக வந்தது. "கமுக்கமாக் குடிச்சிருக்கான்யா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். மதினி அதை போனில் சொல்லி அழுதாள்.

"குடிச்சுட்டாவது இந்தப் பேர வாங்கியிருக்கலாம். சும்மா இருந்த மனுசனுக்கு இந்தக் கதி" என்றாள்.

குடிக்காதது மட்டுமில்லை, எண்ணெய்ப் பலகாரத்தைக்கூட அவன் விரும்பமாட்டான். யாராவது வடையை நீட்டினால் பேப்பரில் வைத்து அழுத்திப் பிழிந்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். அவன் சாப்பிட்டதெல்லாம் சோறு. காலையில் நீராகாரத்தோடு பழைய சோறு, மத்தியானம் ஒரு கும்பா சோறு, இரவில் மறுபடியும் சோறு. இடையிடையே கருப்பட்டிக் காப்பி. உடம்பில் சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே சீனியை அறவே விட்டுவிட்டான். அதற்குப் பதிலாகக் கருப்பட்டியை இரண்டு மடங்காக்கிக்கொண்டான். கருப்பட்டி மருந்து என்பதை எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பேசினால் பனைமரத்துக்கே துரோகம் செய்துவிட்ட மாதிரி பார்ப்பார்கள். நானும் எதிர்த்துப் பேசினதில்லை.

மதுரையிலிருந்து உச்சிப்புளிக்கு, என் வீட்டுக்கு, வந்து சேர்ந்ததும் அடுக்களையில் சட்டம் போட்டேன். எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. தேங்காய் கிடையாது, கடலை கிடையாது, முட்டை கிடையாது, மீன் கிடையாது. குழம்புக்குத் தாளிப்பும் கிடையாது. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. கொழுப்பு உள்ளே போவதை நிறுத்திவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பது குறைந்துதானே ஆக வேண்டும்? சின்னப் பிள்ளைகள் போடுகிற கழித்தல் கணக்கு அது.

மண்டபத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா வழக்கம்போல வாசலில் கூடையை இறக்கினார்.

"டீச்சரு, நகரை வந்துருக்கு. கண்ணப் பாருங்க, எப்பிடி முழிக்குதுன்னு."

"வேணாம்மா, கொஞ்ச நாளைக்கு வேணாம்."

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று அந்தக் கூடையைப் பார்த்த பார்வையை என்னால் சொல்லி முடியாது. "ஸ்கேன் எடுத்தது ஒன் ஈரல. தண்டன மட்டும் ஏன் எனக்கு?" என்றார். தாளிக்காத குழம்பை ஊற்றி மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு, நான்காம் நாள் ஸ்டேஷன் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் சட்டையில் பரோட்டாக் கடை வாசனை. நான் கேட்கவில்லை.

எண்ணெய் போன இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டது. காலையில் இட்லி அல்லது இடியாப்பம், பசித்தால் கஞ்சி, மத்தியானம் ரசம் விட்டுச் சோறு, சாயங்காலம் அவித்த கிழங்கு. எல்லாம் ஆவியில் வெந்தது, எல்லாம் சுத்தம். கோயிலுக்கு விரதம் இருக்கிறவளைப் போல எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் காலை எட்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனாலும், மூன்றாம் பீரியடுக்குள் கை நடுங்கும், எரிச்சல் வரும். வகுப்பில் தேவையில்லாமல் சத்தம் போட்டேன். அண்ணனை நினைத்துத்தான் மனசு இப்படி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வீட்டிலிருந்து பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ்ஸில், உப்பூரில் மதினி கண்டக்டரிடம் தூக்குவாளியைக் கொடுத்துவிடுவாள். உச்சிப்புளியில் நான் இறக்கிக்கொள்வேன். கருப்பட்டியும் அரிசி மாவும் பிசைந்து பனையோலைக்குள் வைத்து அவித்த ஓலைக் கொழுக்கட்டை. கருப்பட்டி தூவிய அரிசிப் புட்டு. பொரிவிளங்காய் உருண்டை. ஒரு தரம் வந்ததைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

பிறந்த வீட்டிலிருந்து வந்த பண்டத்தை எங்கள் பக்கத்துப் பெண்கள் தள்ளி வைக்க மாட்டோம். அது அண்ணன் தம்பி செய்கிற சீர். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாலும் தன் வயிற்றுக்குப் போனது போகத்தான் கொடுப்போம். தள்ளி வைத்தால் பிறந்த வீட்டையே தள்ளி வைத்த மாதிரி. அதிலும் இது, வயிறு வீங்கி நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத மனுஷன் சொல்லி அனுப்புகிற பண்டம்.

பொட்டலம் வந்த அன்றைக்கெல்லாம் அண்ணன் போன் பண்ணுவான். "வந்துச்சாத்தா? சாப்பிட்டுட்டியா?"

"ரெண்டு தின்னேண்ணே."

"ரெண்டு என்ன ரெண்டு. எண்ணெய் ஒரு சொட்டு கெடையாது. ஆவியில வெந்தது. தைரியமாச் சாப்புடு."

தங்கச்சிக்கு எண்ணெய் ஆகாது என்று பார்த்துப் பார்த்துச் செய்யச் சொல்கிறானே என்று ஒவ்வொரு கொழுக்கட்டையையும் கண்கலங்கிக்கொண்டே தின்றேன். ருசியாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஸ்கேனுக்கு மதுரைக்குப் போனபோது நான் பரீட்சையில் முதல் மார்க் வாங்கப் போகிறவளைப் போலத்தான் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடை பார்க்கிற மெஷினில் என்னை இன்னொரு தடவை ஏறச் சொன்னார்.

"கூடியிருக்கேம்மா. என்ன பண்ணீங்க?"

அவர் கோபப்படாமல் மெதுவாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. இப்படியே போனால் என்னிடம் எடுக்க முடியாது, வேறு யாராவது இருக்கிறார்களா, அண்ணனுக்கு அதிக நாள் இல்லை என்றார். வேறு யாரும் இல்லை. இந்தத் தடவை கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சரி என்று டயட்டீஷியன் அறை வாசலில் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்தது என் மகளை விட நாலைந்து வயசுதான் மூத்ததாக இருக்கும், ஒரு சின்னப் பெண். காலையில் இருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டது. நான் பெருமையாகவே ஒப்பித்தேன். மீன் தொட்டு எத்தனை நாளாச்சு, எண்ணெய்ச் சட்டி எங்கே இருக்கிறது என்பது வரை சொன்னேன். கஞ்சியையும் கொழுக்கட்டையையும் சொன்னபோது அந்தப் பெண் பேனாவை மேஜையில் வைத்துவிட்டது.

"அம்மா, நீங்க நிறுத்த வேண்டியதை எல்லாம் சாப்பிட்டு, சாப்பிட வேண்டியதை எல்லாம் நிறுத்தியிருக்கீங்க."

"கொழுப்பு ஒரு துளி உள்ள போகலையே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கொழுப்பு வெளியே இருந்துதான் வரணும்னு இல்லம்மா. சோறும் கருப்பட்டியும் வயித்துக்குள்ள போனதும் சர்க்கரையா மாறி ரத்தத்துல ஏறிடும். கையை காலை அசைச்சா தசை கொஞ்சம் எடுத்துக்கும். ஈரல் கொஞ்சத்தை மாவு மாதிரி கட்டி வெச்சுக்கும். அந்த இடம் ரொம்பச் சின்னது. அது நெறஞ்சிருச்சுன்னா மிச்சத்தை ஈரல் என்ன பண்ணும்? கொழுப்பா மாத்தும். மாத்தி, தனக்குள்ளேயே கொஞ்சம் வெச்சுக்கும். கருப்பட்டியில இருக்கிற இனிப்புல ஒரு பாதி ஏறக்குறைய நேரா ஈரலுக்கே போயிடும்."

"அப்ப எண்ணெய்?"

"எண்ணெயும் அளவு தாண்டினா வெயிட் போடும். எடைக்கு எடை பாத்தா அரிசியை விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி அதுல. ஆனா அது மெதுவா செரிக்கும், பித்தநீர் வந்து கரைச்சு, வேற பாதையில சுத்திக்கிட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். சர்க்கரை மாதிரி திடுதிப்புன்னு ஏறாது. பசியும் தாங்கும்."

எனக்கு இன்னும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்டது. ராமநாதபுரம் பக்கம் என்றேன்.

"அப்ப தண்ணி பிடிச்சு வெப்பீங்க இல்லையா? அடுப்படியில குடம் இருக்கும், பின்னாடி தொட்டி இருக்கும். குடத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் யாராவது தொட்டி மூடியைத் திறப்பாங்களா? சோறும் கிழங்கும் குடம். கொழுப்பு தொட்டி. நீங்க ஒரு நாளைக்கு அஞ்சு தடவை குடத்தை ரொப்பிக்கிட்டே இருக்கீங்க. உடம்பு எதுக்கும்மா தொட்டியைத் தொடணும்? வழிஞ்சதை எல்லாம் கொண்டுபோய் தொட்டியிலதான் ஊத்தும்."

இது எனக்குப் புரிந்தது. காவேரித் தண்ணீர் குழாயில் வரும் நாள் எது, வராத நாள் எது என்று மனப்பாடமாக வைத்திருக்கிற வீடு எங்களுடையது. உடம்பு ஒன்றை இன்னொன்றாக மாற்றும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கழித்தல் சரிதான், எதைக் கழிப்பது என்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னது அந்தப் பெண். சர்க்கரையைக் கொழுப்பாக்க உடம்புக்குத் தெரியுமாம், அந்தக் கொழுப்பைத் திரும்பச் சர்க்கரையாக்க அனேகமாக முடியாதாம். எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

"இந்தக் கொழுக்கட்டை எல்லாம் யாரு செய்யறா, நீங்களா?" என்று கேட்டது.

"எங்க அண்ணன் வீட்டுல இருந்து வரும். அவருக்குத்தான் நான் ஈரல் குடுக்கப் போறது."

அந்தப் பெண் முகத்தைச் சுருக்கியது. "உப்பூர்க்காரரா? அவருக்கு இதையெல்லாம் நான் முன்னாடியே சொல்லியிருக்கேனேம்மா. எண்ணெயே தொடாத எனக்கு எப்படி ஈரல்ல கொழுப்பு வந்துச்சுன்னு கேட்டாரு. சோறும் கருப்பட்டியும்தான்னு சொன்னேன். அவ்வளவு கவனமா யாரும் கேட்டதில்லை. எண்ணெய் இல்லாத இனிப்பா இருந்தாலும் ஈரல்ல சேருமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு."

நான் எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். "என்ன சொல்லுச்சு?" என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் எங்க ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்கக் கொதித்துக்கொண்டு வந்தேன். போனில் அவன் சொன்ன ஒவ்வொரு 'தைரியமாச் சாப்புடு'வும் காதில் கேட்டது. அவன் மறந்திருக்கலாம், நோயில் புத்தி தடுமாறியிருக்கலாம் என்று ஒரு பக்கம் நினைத்தேன். திருப்பித் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் மறக்க மாட்டான் என்று மறு பக்கம் தெரிந்தது.

அண்ணன் முற்றத்து வேம்படியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பெரிதாகவும், கண் மஞ்சளாகவும் இருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். மதினி என் பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட என்ன செய்ய?" என்றாள். "ஒண்ணும் வேணாம் மதினி" என்றேன்.

"அண்ணே, ஈரல்ல கொழுப்பு கூடிருச்சாம்."

"அடடா" என்றான். அந்த 'அடடா'வில் வருத்தமே இல்லை.

"டயட்டு பாக்குற பிள்ளையப் பாத்தேன். ஒனக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்னுச்சு."

அவன் மிளகாய்க் கொல்லைப் பக்கம் பார்த்தான். மதினி கையில் சொம்போடு அப்படியே நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. அறுவைக்கு முன்னால் தங்கச்சி தெம்பாக இருக்கட்டும் என்று இவன் சொன்னதை நம்பித்தான் அத்தனையும் அவித்துக் கொட்டியிருக்கிறாள்.

"தெரிஞ்சே அனுப்புனியாண்ணே?"

"வேணாம்னு நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசினான். "நீ கேட்டியா? மாப்பிள்ள கேட்டாரா? வாயத் தொறந்தா எல்லாருமா என் வாய அடைச்சீங்க. நல்லா இருக்கவள படுக்கப்போட்டு அறுக்கணுமாம். குடுக்குறவுகளுக்கும் ஆபத்து உண்டுன்னு டாக்டரே சொன்னாரு. ரெண்டு பிள்ளைகள வச்சிருக்க. நான் சொன்னாக் கேக்க மாட்ட. டாக்டரே ஆகாதுன்னுட்டா பேச்சு முடிஞ்சிருமில்ல."

"பலகாரத்தக் குடுத்தா என்னைய ஏமாத்துன?"

"வெசத்தையா குடுத்தேன்? கருப்பட்டிதானத்தா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் கூட எட்டிப் பார்த்திருக்கும். மதினி சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில், "நீ கொறச்சாலும் நான் சம்மதிக்க மாட்டேன். என்னைய மீறி எனக்கு வைக்க முடியாது" என்றான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இந்தப் பிடிவாதம் உண்டு. எனக்கும் உண்டு. "நீ சம்மதிக்கிறது பெறகு. நான் மொதல்ல கொறைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பரணிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்கியது. மீன்காரம்மாவை நானே தெருமுனை வரை போய்க் கூப்பிட்டேன். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு மட்டும். கூட மீன், கீரை, அவரைக்காய். காலையில் முட்டை. பசித்தால் ஒரு பிடி கடலை, அதுவும் எண்ணிக் கொடுத்த மாதிரி. எண்ணெய் அளந்து ஒரு ஸ்பூன். கருப்பட்டி டப்பாவை வீட்டுக்காரர் எங்கோ ஒளித்து வைத்துவிட்டார், இன்றைக்கு வரை எங்கே என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அரியமான் கடற்கரையில் நடந்தேன். மணலில் கால் புதைய நடப்பது ரோட்டில் நடப்பதை விடக் கஷ்டம். அது நல்லது என்று அந்த டயட்டீஷியன் பெண் போனில் சொன்னது.

முதல் சில நாட்கள் தலை வலித்தது. சோற்றுப் பானையைத் திறக்கும்போது வருகிற ஆவி வாசத்துக்கே அழுகை வந்தது. பிறகு பசி வருகிற விதமே மாறியது. முன்பெல்லாம் திடீரென்று பாய்ந்து வந்து கையை உதற வைக்கும். இப்போது மெதுவாக வந்தது, கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னால் இருந்தது. மூன்றாம் பீரியடில் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகள் அதைக் கவனித்திருப்பார்கள் போல, அந்த பீரியடில் முன்னை விடச் சத்தம் அதிகமாகிவிட்டது. சேலையின் கொசுவம் ஒரு மடிப்புக் கூடியது. தொட்டி மூடி திறந்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் தொட்டி இறங்க இறங்க அண்ணன் மோசமாகிக்கொண்டே வந்தான். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவனுக்கு வீட்டுக்குள் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லையாம். மதினியைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறான். ஈரல் கழிக்க வேண்டிய கழிவு மூளைக்குப் போகிறது என்று டாக்டர் சொன்னார். மதுரையில் சேர்த்தார்கள். நான் ஒரு தடவைகூட நடையை நிறுத்தவில்லை. மழை பெய்த நாளிலும் போனேன். கொழுப்பு எனக்காக அவசரப்படாது என்று தெரியும். இருந்தாலும் கடலைப் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று முனகிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "இப்போ எடுக்கலாம்" என்றார். வீட்டுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் அன்று காலை தெளிவாக இருந்தான். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவனிடம் போடுவதற்கென்று ஒரு பெரிய சண்டையையே மனசில் எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை.

"டாக்டர் சரின்னுட்டாருண்ணே."

அவன் விட்டத்தைப் பார்த்தபடி, "வேணாம்த்தா. ஒனக்கு ஒண்ணு ஆகிப்போனா ஒன் பிள்ளைக மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்றான்.

"அய்யாவும் போயாச்சு, அம்மாவும் போயாச்சு. நான் பாவாட கட்டிக்கிட்டுத் திரிஞ்சது தெரிஞ்ச ஆளு இந்த ஒலகத்துல நீ ஒருத்தந்தான். நீயும் போயிட்டா நான் யாருக்குண்ணே தங்கச்சி?"

அவன் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன்.

"பயமா இருக்குத்தா" என்றான். எனக்கு நினைவு தெரிந்து அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. சேந்தே பயப்படுவோம்."

அவன் தலையை மெதுவாகத் திருப்பி, சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸிடம், "கையெழுத்து எங்கனம்மா போடணும்?" என்று கேட்டான்.

அறுவைக்குப் பிறகு முதலில் கண் விழித்தது நான்தான். அவனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இன்னும் மயக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்றே பதில் வந்தது. அந்தப் பகலும் அடுத்த இரவும் எனக்கு எப்படிப் போனது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வயிற்று வலி ஒரு பக்கம் இருந்தது, அதை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் என் கட்டிலுக்கு வந்தார். "உப்பூர்க்காரர் தங்கச்சி நீங்கதானே? உங்க அண்ணன் முழிச்சிட்டாரு. குழாயை எடுத்ததும் பேசின மொதப் பேச்சே, எந்தங்கச்சி எங்கனன்னுதான். நல்லாத்தான் இருக்காங்கன்னா நம்ப மாட்டேங்குறாரு. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னு என்னைய அனுப்பிவிட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதீங்க, தையல் வலிக்கும்" என்று அவர் அதட்டினார். வலிக்கத்தான் செய்தது. நான் நிறுத்தவில்லை.